செல்லத்துரை மாமா திருப்பி வாங்கிய கசெற்

அவர் வந்தால் முதலில் வாசம்தான் வரும். மண்டரீனோத் தோடம்பழத் தோல் வாசம்... சியாகுல்லிப் பக்கத் தோட்டத்தில் வாரம் முழுக்கப் பழம் பறித்த கை. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் போகாது. ஞாயிறு பின்னேரம் போர்கோ வெக்கியோவில் எங்கள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தால், அறையே தோட்டம்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் இத்தாலியில், பலெர்மோவில், ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வீட்டு வேலை. முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு ரேப் ரெக்கோடர். எல்லோரும் பாட்டுக் கேட்க வாங்கினார்கள், நான் செல்லத்துரை மாமாவைப் பேச வைக்க வாங்கினேன்.

மாமா என் அப்பாவின் சிநேகிதர். ஊரில் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணிக் கடைக்குள் இடமில்லாத காலம் ஒன்று இருந்தது. வெளியே நிற்க வேண்டும், போத்தலில் ஊற்றித் தருவார்கள். அறுபதுகளில் அதை எதிர்த்து இளைஞர்கள் கூட்டமாய்க் கடைகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், பொலிஸ் பிடித்து மறியலுக்கும் போனார்கள். எங்கள் ஊர்க் கடைக்குள் போனவர்களில் அப்பாவும் மாமாவும் உண்டு.

நான் நடை பழகும்போதே அப்பா செத்துப் போனார். ஒரு படம் இருக்கிறது. குரல் இல்லை.

"பிள்ளை, இது பதியுதோ?"

"ஓம் மாமா, சிவப்பு லைற் எரியுது. பேர், ஊர், எவடம் எண்டு சொல்லித் தொடங்குங்கோ."

எவடம்... யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது சும்மா கேள்வி இல்லை. ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று சொன்னால் போதும், சாதி விளங்கிவிடும். நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் இப்படிக் கேட்பார்கள். பலெர்மோ வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. பஸ்ஸில் புதிதாய்ச் சந்திக்கிற அக்காமாரும் மூன்றாவது வசனத்தில் கேட்பார்கள். நான் "சந்தையடி" என்று மழுப்பிவிடுவேன், அங்கே எல்லாச் சாதியும் உண்டு.

மாமா மழுப்பவில்லை. ஒழுங்கையின் பெயரைச் சொன்னார், சாதியைச் சொன்னார். "நல்லாய்ப் பதியட்டும்" என்று மைக்குக்குக் கிட்ட வந்து இன்னொரு தரமும் சொன்னார். இரண்டு பக்கமும் முடியும்வரை கதைத்தார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கொஞ்ச நாள் போயிருக்கும். வேலை நாளில், தோட்டத்துச் சப்பாத்தோடேயே வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை, அந்தக் கசெற்றைத் தா."

"ஏன் மாமா?"

"சுமதிக்கு ஒரு இடம் பொருந்தி வருது. பிரான்காச்சோவிலை இருக்கிற பெடியன். பெர்மெஸ்ஸோ விசா இருக்கு, நல்ல வேலை. ஆனால் அவை வேறை ஆக்கள். எவடம் எண்டு கேட்டவை. நான்... சந்தையடி எண்டு சொல்லிப்போட்டன்."

சுமதி அவருடைய ஒரே மகள். அந்தக் காலத்தில் கசெற் ஒரு வீட்டில் நிற்காது. பாட்டென்று நினைத்து யாராவது இரவல் கொண்டுபோனால், அது எந்த வீட்டில் பாடும் என்று யாருக்குத் தெரியும்?

"இதுக்கு வேறை கொப்பி இருக்கோ?" என்றார்.

"இல்லை மாமா."

"இருக்கக்கூடாது."

இரண்டு கசெற் போடுகிற ரெக்கோடர்தானே, ஒரு கொப்பி அடித்து ஒளித்து வைத்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவருடைய குரல். அவர் கேட்டார், கொடுத்தேன். தோட்டத்தில் கவாத்துப் பண்ணிய கொப்புகளை எரிக்கிற நெருப்பில் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்.

கல்யாணம் நடக்கவில்லை.

பெடியன் வீட்டார் ஊருக்கு ஒரு போன் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒழுங்கை தெரிந்துவிட்டது. "சாதகக் குறிப்புப் பொருந்தேல்லையாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"குறிப்பை நாங்கள் இன்னும் குடுக்கவேயில்லை பிள்ளை" என்று மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுப் புதுக் கசெற்றோடு போனேன். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"அண்டைக்குப் பெருமையாய்ச் சொன்னனான். இப்ப சொன்னால் புலம்பல் மாதிரிக் கிடக்கும். வேண்டாம்."

பிறகு மகளோடு லண்டன் போனார். அங்கேயே காலமானார்.

இப்போது எல்லாம் பதிவாகிறது. சந்தையில் மீன் விலை கேட்டதுகூட வாட்ஸ்அப்பில் குரலாய்க் கிடக்கிறது. தேவைப்பட்ட குரல் மட்டும் இல்லை...

போன மாதம் என் மகள் போனை என் முன்னே நீட்டினாள். இங்கேயே பிறந்தவள், தாத்தாவை நொன்னோ என்றுதான் சொல்லுவாள். "அம்மா, நொன்னோ கடைக்குள்ளை போன கதையைச் சொல்லுங்கோ, record பண்ணுறன்."

அந்தக் கசெற்றில் மாமா சொன்ன கதையில் அப்பா வாய் திறப்பது ஒரே ஓர் இடத்தில். வெளியே கல்லும் பொல்லுமாய் ஆட்கள். முதலாளி வேறு வழியில்லாமல் கிளாஸில் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிறார். யாருக்கும் கை போகவில்லை. அப்பா எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முதலாளியைப் பார்த்து, "அண்ணை, சீனி காணாது" என்றாராம்.

மாமா அதை அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். பகிடியும் பயமும் கலந்த குரல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"நொன்னோ எப்பிடிச் சொன்னவர்? அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன். சரியில்லை. திரும்பச் சொன்னேன், குரலைத் தடிப்பாக்கியும் பார்த்தேன்.

மகள் போட்டுக் கேட்டாள்.

"அம்மா... இது நீங்கள் கதைக்கிற மாதிரித்தான் இருக்கு."