வெள்ளைத் தட்டில் நகராத புள்ளி

விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் என் மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு இருக்கிறது. விளிம்புக்கு இரண்டு விரல் உள்ளே, கடுகளவில் ஒரு கருப்புப் புள்ளி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். போகாது. "மேடம், நல்ல தட்டா ஒண்ணு வாங்கிடலாமே" என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்டால் அன்றைய மனநிலைக்குத் தகுந்தபடி ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் இந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தட்டு அக்கா கொடுத்தது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. களிமண்ணை அரைத்து, தண்ணீர் சேர்த்துக் குழம்பாக்கி, அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் அதிலுள்ள இரும்பை எடுத்துவிட வேண்டும். மண்ணிலேயே கொஞ்சம் இரும்பு இருக்கும், அரைக்கிற எந்திரத்திலிருந்தும் கொஞ்சம் உதிரும். பச்சையாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. சூளையில் வெந்து வெளியே வந்த பிறகுதான் வெள்ளை வெளேரென்ற தட்டில் கருப்பாக எட்டிப் பார்க்கும். ஒரு புள்ளி போதும், தட்டு செகண்ட்ஸ் என்று இரண்டாந்தரமாகிவிடும். அதனால் அக்கா நாள் முழுக்கக் காந்தக் கம்பிகளைக் குழம்பில் விட்டு விட்டு எடுப்பாள். ஒவ்வொரு முறையும் கம்பியில் மீசை மாதிரி கருப்பாக ஒட்டிக்கொண்டு வருவதைத் துணியால் வழித்துப் போடுவாள். அவசரமாக ஊற்றச் சொல்லும் சூப்பர்வைசரிடம், "இன்னொரு தடவ வுட்டு எடுத்தாதான் குடுப்பேன், அவசரம்னா நீங்களே வந்து கைய வுடுங்க" என்று சொல்கிற வாய் அவளுக்கு.

எங்கள் இருவரையும் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை என்பது அவள் பத்தாவது முடித்த வருஷம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அப்பா அதை வாயால் சொல்ல முடியாமல் பழமலைநாதர் கோயில் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் திரும்பி வருவதற்குள் அக்கா கம்பெனியில் பேசி முடித்துவிட்டாள். தியாகம் அது இது என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எனக்குப் படிப்பு வரல, மண்ணு வந்துச்சு, வுடு" என்பாள். பச்சைப் பொய். பத்தாவது கணக்கில் அவள் மார்க்கை என்னால் கடைசிவரை தொட முடியவில்லை. இந்தப் பொய்யைத் தெரிந்துகொண்டேதான் நான் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தேன், முடித்தேன், வேறு ஊரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியனாக வேலைக்கும் போனேன்.

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, என்னடி வேலை என்று அக்கா கேட்டாள். சின்ன விமானம், ஐம்பது மணி நேரம் பறந்தால் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும் என்றேன். "பைக்குக்கு மாத்துற மாதிரியேவா? இதுக்கா அவ்ளோ படிச்ச?" என்று சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடாமல் சொன்னேன். முதலில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்க வேண்டும். ஆறிப்போனால் அழுக்கெல்லாம் அடியில் தங்கிவிடும். சூட்டோடு வடித்துவிட்டு, ஃபில்டரைக் கட்டியிருக்கும் கம்பியை வெட்டி, அதைக் கழற்ற வேண்டும். பைக்காக இருந்தால் பழைய ஃபில்டரைக் குப்பையில் போட்டுவிடலாம். இங்கே அதைத் தகர டப்பாவைப் போல வட்டமாக அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெட்டியெடுத்து, விரித்துப் பிழிந்து பார்க்க வேண்டும். உள்ளே எது தேய்கிறதோ அது அந்த மடிப்பில்தான் வந்து மாட்டும். காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் இரும்பா, வேறா என்று தெரியும்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "எதும்மேல விரிச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டாள். பழைய செய்தித்தாளில் என்றேன். "எழுத்து மேல வெச்சுப் பாத்தா கருப்பு எப்படிடி தெரியும்? அறிவு இருக்குதா உங்க ஆளுங்களுக்கு?" மறுநாள் கம்பெனியிலிருந்து இந்தத் தட்டையும், உடைந்த காந்தத் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தாள். தட்டிலிருந்த புள்ளியைக் காட்டி, "இது என் கைய மீறிப் போனது. பாத்துக்கினே இரு, உனக்கும் புத்தி வரும்" என்றாள்.

ஹேங்கரில் எல்லோரும் கேலி செய்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு வேலைக்கு வருகிறாள் என்றார்கள். தலைமை இன்ஜினியரை நாங்கள் சீஃப் என்று கூப்பிடுவோம். அவர் மட்டும் தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "நல்ல ஐடியாம்மா" என்றார். சீஃப் கெட்டவர் இல்லை. வெயிலில் வேலை செய்யும்போது மோர் வாங்கி வரச் சொல்லி, எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் குடிப்பார். நான் லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டுமென்றால், செய்த வேலையையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி, லைசென்ஸ் உள்ள இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். சீஃப், "அப்பப்ப எதுக்கு, மொத்தமா போட்டுத் தரேன்" என்று என் புத்தகத்தை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். இரண்டு வருஷ வேலை அந்த இழுப்பறைக்குள் இருந்தது. அதைத் தப்பாக நினைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் காலை ஒரு பயிற்சி விமானத்துக்கு ஆயில் மாற்றினேன். மறுநாள் ஒரு மாணவி அதில் முதல்முறையாகத் தனியாகப் பறக்கப் போகிறாள். ஃபில்டரை அறுத்து, மடிப்பைப் பிரித்து, பெட்ரோலில் அலசித் தட்டில் பிழிந்தேன். தட்டைச் சாய்த்ததும் பளபளவென்று செதில் செதிலாக மின்னியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. என்ஜினுக்குள் ஏதோ ஓர் இரும்புப் பாகம் தேய்கிறது. பார்த்ததை அப்படியே ஒர்க் ஷீட்டில் எழுதி சீஃப்பிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய என்ஜின்ல கொஞ்சம் வரத்தான் செய்யும்மா. அடுத்த ஆயில் சேஞ்ச்ல பாத்துக்கலாம். இருக்குறது மூணு ஃப்ளைட், ஒண்ணு ஏற்கெனவே படுத்துக் கெடக்குது. இத நிறுத்தினா மேல இருக்குறவங்க என்ன உரிச்சுடுவாங்க. வேற ஷீட் எடுத்து, ஃபில்டர் க்ளீன்னு எழுதிக் குடு" என்றார். அவர் இழுப்பறையைத் திறந்து என் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "சாப்பிட்டுட்டு வா. ஷீட்டும் கையெழுத்தும் ஒண்ணாவே முடிச்சுடலாம்" என்றார்.

இத்தனை வருஷம் கழித்து ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சீஃப்புக்குப் பயந்து அல்ல. அந்தப் புத்தகம் என்னுடையது மட்டும் அல்லவே, அக்காவின் பத்தாவது கணக்கு மார்க்கும் அதற்குள்தான் இருந்தது. அதைத் தொலைத்துவிட்டேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சாப்பிடப் பிடிக்கவில்லை. ஹேங்கருக்குப் பின்னால் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"இரு இரு, கையெல்லாம் மண்ணு, ஸ்பீக்கர்ல போட்டுருக்குது. அழுவாத, எல்லாரும் கேக்குறாங்க" என்றாள் அக்கா. பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. நான் அழுகையை விழுங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"காந்தத்துக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப இரும்புதான. இதுல யோசிக்கறதுக்கு என்னா இருக்குது?"

"புக்குல கையெழுத்துப் போடமாட்டாருக்கா. ரெண்டு வருஷம் போயிடும்."

தொட்டியில் கம்பியை விட்டு எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "போவட்டும். அந்தாளு கையெழுத்து போடலன்னா உன் கை என்னா அழுகியா பூடும்? மறுபடி மொதல்லேந்து வேல செய்யி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. எனக்காவன்னு சொல்லிக்கினு எதையும் எழுதிக் குடுத்துடாத. நான் மண்ணுல கைய வெச்சது நீ பொய் எழுதறதுக்கு இல்ல."

"அப்புடிச் சொல்லுடி!" என்று எவளோ ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள். யாரென்று இன்றுவரை தெரியாது. நன்றாக இருக்கட்டும் மகராசி.

முகத்தைக் கழுவிக்கொண்டேன். புது ஷீட்டை எடுக்கவில்லை. தட்டை எடுத்தேன். மாணவர்கள் விமானத்தை எடுத்துப் போகுமுன் கையெழுத்துப் போடும் மேசை ஒன்று முன்னறையில் இருந்தது. அதன் நடுவில், பதிவேட்டின் மேலேயே, தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்த மாணவிக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் கேப்டன்தான் முதலில் வந்தார். "இது என்ன?" என்றார். நாளைக்கு உங்கள் மாணவி தனியாக எடுத்துப் போகப் போகிற விமானத்தின் ஃபில்டரிலிருந்து வந்தது என்றேன்.

விஷயம் காதுக்குப் போய் சீஃப் வேகமாக வந்தார். தட்டை எட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். "கேப்டன், இது அந்தப் பொண்ணு வூட்டுலேந்து கொண்டாந்த ஓட்டத் தட்டு. தட்டுலயே கருப்பு இருக்குது பாருங்க, சூளையில வந்த பழுது. இதப் போயி என்ஜின்ல வந்த இரும்புன்னு எழுதி வெச்சிருக்கா" என்று அக்காவின் புள்ளிமேல் விரலை வைத்தார். கேப்டன் குனிந்து பார்த்தார். புள்ளி இருந்தது உண்மைதானே. அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் சந்தேகம் வந்துவிட்டது.

என் வேலையைக் குறை சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அவர் விரல் வைத்தது அக்காவின் வேலைமேல். மேல்சட்டைப் பையிலிருந்து அக்கா கொடுத்த காந்தத் துண்டை எடுத்தேன். அலசுவதற்காகக் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டிலிலிருந்து தட்டில் ஒரு மூடி பெட்ரோலை ஊற்றினேன். காந்தத்தைத் தட்டுக்கு அடியில் வைத்து மெதுவாக இழுத்தேன். செதில்கள் எல்லாம் ஒரே கூட்டமாக எறும்புச் சாரை போலக் காந்தத்தின் பின்னால் ஊர்ந்தன. இந்த ஓரத்துக்கு இழுத்தேன், வந்தன. அந்த ஓரத்துக்கு இழுத்தேன், வந்தன. அக்காவின் புள்ளியைக் கடந்தே இரண்டு முறை போய் வந்தன. புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. "சார், தட்டோட பழுது நகராது. உங்க என்ஜினோட பழுதுதான் நகருது" என்றேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கேப்டன் பதிவேட்டைத் தட்டுக்கு அடியிலிருந்து உருவி, அந்த விமானத்தின் பெயருக்கு நேரே கோடு போட்டு அடித்தார். அடுத்த வாரம் என்ஜினைப் பிரித்தார்கள். வால்வுகளைத் தள்ளும் தண்டில் ஒரு மேடு தேய்ந்து, பொரிந்து போயிருந்தது. அந்த மாணவி பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. சீஃப்புக்கும் தெரியாது. தெரியாமலேதான் என்னை எழுதச் சொன்னார்.

என் புத்தகம் ஒரு கையெழுத்தும் இல்லாமல் திரும்பி வந்தது. என்னை ஹேங்கரிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டுவிட்டு, தட்டையும் காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினேன். வேறு ஓர் ஊரில், வேறு ஒரு ஹேங்கரில், முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தேன். என்னோடு படித்தவர்கள் லைசென்ஸ் வாங்கி முன்னால் போன பிறகுதான் எனக்குக் கிடைத்தது. சீஃப்பை மன்னித்துவிட்டாயா என்று அவருக்கு வேண்டியவர் ஒருவர் ஒருமுறை கேட்டார். இல்லை. அவர் கொடுத்த மோர் ஞாபகம் இருக்கிறது, அந்த இழுப்பறையும் ஞாபகம் இருக்கிறது. இன்று என்னிடம் வேலை செய்கிறவர்களின் புத்தகம் எதுவும் என் மேசையில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. காலையில் என்னோடு சண்டை போட்டவனுக்கும் மாலையில் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவேன்.

அக்கா கல்யாணமாகித் திட்டக்குடிக்குப் போனாள். அங்கிருந்து பஸ்ஸில் வந்துபோய் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். வாயும் அப்படியேதான். போன மாதம் முதல்முறையாக என் ஹேங்கரைப் பார்க்க வந்தாள். விமானத்தைச் சுற்றி வந்து, "இம்மாத்தூண்டு தானா?" என்றாள். அப்புறம் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். புத்தம்புதுத் தட்டு, பொட்டு இல்லை, பொரிவு இல்லை, பால் மாதிரி இருந்தது. "நானே பாத்துப் பொறுக்கி எடுத்தது. பெரிய இன்ஜினியர் ஆயிட்ட, இன்னும் செகண்ட்ஸ வெச்சுக்கினு இருக்குற. அதத் தூக்கிப் போடு" என்றாள்.

"மாட்டேன்" என்றேன்.

பிறந்ததிலிருந்து அவளிடம் நான் சொன்ன முதல் மாட்டேன் அது. முறைத்தாள். "என் தப்பு அது. எல்லாரும் பாக்குற எடத்துல வெச்சு எதுக்குடி என் மானத்த வாங்குற?" என்றாள். மாட்டேன் என்றால் மாட்டேன்தான் என்றேன். "திமிருடி உனக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுத் தட்டில் அன்று இருவரும் சாப்பிட்டோம்.

இன்று காலை ஒரு விமானத்துக்கு ஆயில் மாற்றினார்கள். ஃபில்டரை அறுத்து, மடிப்பைப் பிரித்து, பழைய தட்டில் பிழிந்துகொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடியில் காந்தத்தை வைத்து இந்த ஓரம் அந்த ஓரம் இழுத்தேன். எதுவும் நகரவில்லை. தட்டில் அக்காவின் புள்ளி மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.