சாவி அக்கா விற்க மறுத்த டிரம்ஸ்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை என் மனைவி சொன்னால் அதற்கும் ஒரு கோபம் வரும். ஆனால் இன்றைக்கு நானே முன்வந்து ஒப்புக்கொள்கிறேன். சாவி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கோபத்தால் அவருடைய வேலைக்கே உலை வைத்தேன். அவரோ அதே வாரத்தில் எனக்கு நல்லது செய்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் மேடையில் ஸ்டிக்கைக் கையில் எடுக்கும் முன் மனசுக்குள் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். திங்கள் முதல் வெள்ளி வரை அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸும் கையுமாக இருப்பேன். சனி, ஞாயிறு எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ். குழு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஐந்து பேர், ஒரு பழைய வேன். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். பத்தொன்பது வருடம் வாடகை டிரம்ஸிலேயே காலத்தை ஓட்டினேன். வாரத்துக்கு ஒரு செட். ஒன்றில் பெடல் கிறீச்சிடும், இன்னொன்றில் சிம்பல் தட்டின் ஸ்டாண்ட் பாட்டுக்கு நடுவே மெல்லத் தலைசாயும். எவனெவனோ அடித்துத் துவைத்ததையே நானும் போய் அடித்துவிட்டு வருவேன்.

"வாங்கிடுங்க. இல்லைன்னா இன்னும் இருபது வருஷம் சாப்பிடும்போதெல்லாம் இந்தப் புலம்பலையே நான் கேட்கணும்" என்றாள் மனைவி. அவள் அகராதியில் அதற்கு ஆசீர்வாதம் என்று பொருள்.

இசைக்கருவிக் கடை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. படியேறியதும் கல்லா, கல்லாவில் முதலாளி. இடது பக்கம் கிடார்கள். கடைசியில் டிரம்ஸ் பிரிவு, அங்கேதான் சாவி அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட ஒன்றிரண்டு கூட. டிரம்ஸின் தோலை முறுக்கும் குட்டிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார், அதனால் அந்தப் பெயர். முதலாளியிலிருந்து லாரியில் பெட்டி இறக்க வருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் சாவி அக்காதான்.

வேலை முடிந்து அப்படியே போயிருந்தேன். இரண்டு செட்டைக் காட்டினார். ஒன்று நடுத்தர விலை, பளபளப்பில்லாத கறுப்பு. இன்னொன்று கண்ணாடித் தடுப்புக்குள் தனி விளக்கின் கீழ் தேன் நிறத்தில் மின்னியது. அதன் விலையைக் கேட்டால் என் மனைவி ஆசீர்வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வாள், அவ்வளவு. இரண்டிலும் உட்கார்ந்து வாசித்தேன். கறுப்பு செட் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் தொப் தொப் என்றது. தேன் நிறத்தில் ஒரு அடி கொடுத்தேன் பாருங்கள், அடிவயிறு வரை இறங்கியது. இனி என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கெல்லாம் சார் வாசிப்பீங்க?"

"கல்யாணம், கம்பெனி ஃபங்ஷன், எல்லா இடமும்."

"யாரு தூக்கிட்டுப் போவாங்க?"

"நாங்களேதான். வேன்ல போட்டு, மாடிப்படி ஏத்தி."

என் சட்டைப்பையில் தைத்திருந்த லிஃப்ட் கம்பெனிப் பெயரைப் பார்த்துச் சிரித்தார். "லிஃப்ட்காரரே படியேத்துறாரா? வீட்டுல எங்க வெப்பீங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"அப்போ இந்த விலை கூடினது உங்களுக்கு வேண்டாம் சார். அந்தக் கறுப்பையே எடுத்துக்கோங்க."

சுருக்கென்றது. குனிந்து என் சட்டைக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை கிரீஸ். அவ்வளவுதான், தலைக்கேறிவிட்டது.

"ஆளைப் பார்த்து எடை போடுறீங்களா?"

"ஐயையோ, அப்படி இல்ல சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

சொல்ல விட்டால்தானே. விறுவிறுவென்று கல்லாவுக்குப் போனேன். "உங்க கடையில அழுக்குச் சட்டைக்காரனுக்கு நல்ல பொருள் விக்க மாட்டீங்களோ?" என்று போட்ட சத்தத்தில், கிடார் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். முதலாளி பதறிப்போய் டீ வரவழைத்தார். என் கண்ணெதிரிலேயே அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். "வாங்க வர்றவங்களை வாங்க விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" நான் தேன் நிறச் செட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, போரில் ஜெயித்த ராஜா மாதிரி படியிறங்கினேன். வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடித்தே காட்டினேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா எதுக்கு வேண்டாம்னாங்க?"

"எதுக்கா? திமிருதான், வேறென்ன."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"அதானே பார்த்தேன்" என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை செட்டை எடுக்கப் போனேன். டிரம்ஸ் பிரிவில் முதலாளியின் மருமகன் திருதிருவென்று நின்றுகொண்டிருந்தார். அவரோ கிடார் ஆள். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"கீழ குடோன்ல போட்டாச்சு சார். இந்த மாசக் கடைசியோட அதுவும் கிடையாதுன்னு மாமா சொல்லிட்டாரு. உங்க புகாருக்கு அப்புறம்தான்." நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார்.

மறைப்பானேன், என் முதல் நினைப்பு 'நல்லா வேணும்' என்றுதான் இருந்தது. அப்போதுதான் கறுப்பு செட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

'லிஃப்ட் சாருக்கு: எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இதை இன்னொரு தடவை வாசிச்சுப் பாருங்க. அன்னிக்கு இதை டியூன் பண்ணாமலே உங்களை உட்கார வெச்சுட்டேன். அது என் தப்பு.'

கிண்டலோ என்று முறைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஒரு அடி கொடுத்துவிட்டு நிறுத்தினேன். பிறகு இன்னொரு அடி. அட்டைப்பெட்டியைக் காணோம். காலால் அடிக்கும் கிக் டிரம் வயிற்றில் இறங்கியது, சின்ன ஸ்நேர் டிரம் சுளீரென்று வெடித்தது. ஓடிப்போய்த் தேன் நிறத்தில் வாசித்தேன், திரும்ப ஓடிவந்து கறுப்பில் வாசித்தேன். ஐந்து தடவை இப்படி அலைந்தேன். விலை கூடினது ஒரு படி மேல்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்குக் கேட்ட மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது குடோன். ஒரு ட்யூப்லைட். அக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து வயலின் கம்பிகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, மேலே சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வாசிச்சுப் பார்த்தீங்களா சார்?"

"என்னக்கா பண்ணினீங்க அதை?"

"கம்பெனிலேர்ந்து போட்டு வர்ற தோல் மட்டமா இருக்கும். எல்லாத்தையும் மாத்தி, ரெண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து டியூன் பண்ணினேன். கண்ணாடிக்குள்ள இருக்கிறதை மட்டும் தினம் டியூன் பண்ணணும்னு முதலாளி உத்தரவு. கறுப்பை யாரும் தொடுறதில்லை. அன்னிக்கு நீங்க கேட்ட சத்தத்துக்கு யாரா இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்ல விட்டீங்களா?"

நான் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார். "உங்க கை கனமான கை. குறை சொல்லலை, மண்டபத்துல அப்படி அடிச்சாத்தான் கேட்கும். ஆனா அந்த செட்டோட சிம்பல் எல்லாம் மெல்லிசு, ரெக்கார்டிங் ரூமுக்குன்னு செஞ்சது. உங்க அடிக்கு ஒரு வருஷம் தாங்காது, விரிசல் விட்டுடும். ஒரு நட்டு தொலைஞ்சாக்கூட வரவழைக்க மூணு மாசம் ஆகும்."

கொஞ்ச நேரம் கம்பிப் பெட்டிகளை அடுக்கினார்.

"நானும் வாசிச்சவதான் சார். பகல்ல துணி கம்பெனியில தையல், லீவு நாள்ல கச்சேரி. எட்டுப் பொண்ணுங்க சேர்ந்து குழு வெச்சிருந்தோம். நானும் உங்களை மாதிரி வாடகை செட்டுதான். பத்து வருஷம் சேர்த்து வெச்சு, இருக்கிறதுலேயே உசந்ததா ஒண்ணு வாங்கினேன். வாங்கின அன்னிக்கு அதுக்குப் பக்கத்துலேயே பாய் விரிச்சுப் படுத்தேன்னா பார்த்துக்கோங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பயம் வந்துடுச்சு. மழை வர்ற மாதிரி இருந்தா 'நான் வரலை'ன்னுடுவேன். மாடின்னா வரலை. வேன்ல மத்த சாமானோட போடறதுன்னா வரலை. யாராவது டம்ளரோட பக்கத்துல வந்தா எனக்குத் தாளம் தப்பிடும், டம்ளரையே பார்த்துட்டிருப்பேன். ரெண்டு வருஷத்துல வேற ஆளைச் சேர்த்துக்கிட்டாங்க. அவங்களும் எவ்வளவுதான் பொறுப்பாங்க? செட் இன்னிக்கும் புத்தம் புதுசா, போர்வை போத்தி வீட்டுல இருக்கு. வாசிக்கிறதுதான் போயிடுச்சு."

அழுகை, ஆதங்கம் எதுவும் இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார்.

"வாங்கறது யாரா இருந்தாலும் எனக்கென்னன்னு இருந்துடத்தான் நானும் பார்த்திருக்கேன் சார். கட்டிலுக்கு அடியிலன்னு நீங்க சொன்னதும் மனசு கேட்கலை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேலை போகப்போகிற மனுஷி, அதற்குக் காரணமானவனுக்காக இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தோல் முறுக்கியிருக்கிறார். என் பெற்றோரைத் தவிர எனக்காக இப்படி மெனக்கெட்ட ஆள் யார் என்று யோசித்தேன். மனைவியைச் சொல்லாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது, அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.

"எனக்குக் கறுப்பு செட்டே போதும். அந்த அக்காவை மறுபடியும் மேல கொண்டு வாங்க" என்றேன் முதலாளியிடம்.

"என்ன சார் விளையாடுறீங்களா? அன்னிக்குக் கடையே இடிஞ்சு விழற மாதிரி கத்தினீங்க."

"கத்தினது நான்தான். தப்பும் என் மேலதான்."

"உங்க ஒருத்தர் விஷயம் இல்ல சார் இது. பெரிசு கேட்டு வர்றவங்களுக்கு எல்லாம் அந்தம்மா சின்னதைக் காட்டுது. நான் நடத்தறது கடையா, ஆசிரமமா?"

"சின்னதை வாங்கினவங்க திரும்பி வர்றாங்களா, இல்லையா? நான் வருவேன். எங்க குழு வரும், எனக்குத் தெரிஞ்ச டிரம்ஸ்காரங்க எல்லாரும் வருவாங்க. அவங்க இங்க இருந்தா."

முதலாளி மென்று விழுங்கினார். அதற்குள் பின்னாலிருந்து மருமகன், "மாமா, இந்தச் சாவியை எந்தப் பக்கம் திருகறதுன்னே எனக்குத் தெரியலை. புண்ணியமாப் போகும், என்னைக் கிடார் பக்கமே விட்டுடுங்க" என்று கெஞ்சினார். முதலாளி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயால சொன்னது காத்தோட போயிடும். எழுதிக் குடுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து கத்தினா எனக்குக் காட்ட ஒண்ணு வேணும்."

என் பையில் இருந்த ஒரே காகிதம் லிஃப்ட் பழுதுபார்த்தால் கார்பன் நகலோடு நிரப்பிக் கொடுக்கும் சர்வீஸ் படிவம்தான். எனக்கு வேறு மாதிரி எழுதவும் வராது. கல்லாவின் மேலேயே வைத்து எழுதினேன்.

'பழுது: வாடிக்கையாளர் இடத்தைவிட்டு நகராமல் சத்தம் மட்டும் போட்டார்.
காரணம்: முன்கோபம். அழுக்குச் சட்டையைப் பார்த்தது அவர் ஒருவர்தான், வேறு யாரும் பார்க்கவில்லை.
மாற்றிய பாகம்: டிரம்ஸ் தோல் முழுவதும். வாடிக்கையாளரின் புத்தி, ஓரளவு.
சரிசெய்தவர்: டிரம்ஸ் பிரிவு அக்கா.
குறிப்பு: இவர் இல்லாமல் இந்தப் பிரிவை இயக்க வேண்டாம்.'

முதலாளி ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்து, "சாவி அக்கா, மேல வாங்க" என்று குரல் கொடுத்தார்.

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, நின்றபடியே காகிதத்தைப் படித்தார். கடைசி வரி வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடியிலிருந்த கார்பன் நகலைக் கிழித்து நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அசலை முதலாளியிடம் நீட்டினார். கண்ணோரத்தை மட்டும் புறங்கையால் ஒரு தடவை ஒற்றினார்.

"அக்கா, என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். இந்த வார்த்தையை நான் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. உட்காருங்க, கிக்கோட சுருதி இன்னும் கொஞ்சம் இறங்கணும்."

கறுப்பு செட்டின் முன் உட்கார்ந்தேன். அவர் குனிந்து தோலை முறுக்கினார், தட்டிக் கேட்டார், இன்னும் கால் திருகு திருகினார். பிறகு தள்ளி நின்று தலையசைத்தார். நான் ஸ்டிக்கை ஓங்கினேன். கை இறங்கவில்லை. கண் முழுக்கத் தண்ணீர், எது ஸ்நேர் எது சிம்பல் என்றே தெரியவில்லை.

"என்ன, கை வரலையா? கத்தறப்போ நல்லா வந்துச்சே" என்றார்.

சிரித்துவிட்டேன். மெல்ல ஒரு தட்டு தட்டினேன்.

"அப்படி இல்ல" என்றார் அக்கா. "பயப்படாம அடிங்க தம்பி. இது தாங்கும்."