பசளை போட்ட அப்பிள் மரம்

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்து. மழை விட்டு ஈர மண்ணும் புளித்த அப்பிளும் மணத்துக்கொண்டிருந்த வளவில், சீலை கிழிவதைப்போல நீளமாக ஒரு சத்தம் கேட்டது. நாலு மணிக்குத்தான் தொலைக்காட்சி போட விடுவார்கள் என்பதால் நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் மறக்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பிள் மரம் கவட்டிலிருந்து இரண்டாகப் பிளந்து, பாதி வேலியிலும் பாதி புல்லிலும் கிடந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அகதிகளை வைத்திருந்த 'ஹைமில்' அப்பா, அம்மா, நான் மூவரும் ஓர் அறைக்குள் இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு அருகே அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்து நாலு மாதந்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் அடுத்த ஊரில் இருந்த வயதான ஜெர்மன்காரர். இலையுதிர்காலம் வரை இருந்து பாருங்கள், வளவையும் மரத்தையும் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தர வாடகைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். எழுதித் தராவிட்டால் திரும்பவும் ஹைம்தான்.

எங்கள் வீட்டின் வாய் நான்தான். டாக்டரிடமும் அலுவலகங்களிலும் அப்பாவுக்கும் ஜெர்மன்காரருக்கும் நடுவில் நான் நிற்பேன். மே மாதம் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்று, ஜூனில் இதை 'டுன்னன்' செய்யவேண்டும் என்றார். பாரத்தில் கொப்பு முறியாதபடி, நெருங்கிய காய்களில் சிலவற்றைப் பிடுங்கி ஐதாக்குவதற்கு அந்தப் பெயர். எனக்கு அந்தச் சொல் தெரியாது; தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் கேட்டிருந்த 'டுங்கன்' என்ற சொல்தான் தெரியும். அது பசளை போடுவது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"ஜூன் மாசம் மரத்துக்குப் பசளை போடட்டாமப்பா."

"தோட்டக்காரன்ரை மோனுக்கு உதைச் சொல்லித்தர வேணுமே!" என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சிரித்துவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்து 'யா, யா' என்று பலமாகத் தலையாட்டினார்.

குதிரை வளர்க்கும் இடமொன்றில் கேட்டு வாங்கி, இரண்டு பை குதிரை எருவைப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார்.

"பஸ்ஸுக்குள்ளை ஒருத்தரும் உங்களுக்குக் கிட்ட இருந்திருக்காயினமே" என்று அம்மா மூக்கைப் பொத்தினார்.

"ஓம், நாலு சீற்றும் எனக்குத்தான். ராசா மாதிரி வந்தனான்."

ஜூனில் மரம் தானாகவே கொஞ்சம் பிஞ்சு உதிர்த்தது. அது வழக்கம் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா கண்பட்டுவிட்டது என்றார். அப்பா இன்னொரு பை எரு போட்டார். மிஞ்சியவை கொத்துக்கு நாலைந்தாக ஒன்றையொன்று நெருக்கிப் பருத்தன. கொப்புகள் புல்லைத் தொட, அப்பா பெருமையோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

மரம் முறிந்த மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். "காயை ஐதாக்கச் சொல்லி மே மாதமே சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள், ஒன்றும் செய்யவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் வீட்டை விட ஏலாது" என்று என்னைப் பார்த்தே சொன்னார். அவர் சொல்லச் சொல்லத்தான் என் பிழை எனக்கு விளங்கியது.

"என்னவாம்?"

"வேறை ஆக்களுக்கு வீட்டைக் குடுக்கப்போறாராம்."

"ஏனாம்?"

"தெரியாதப்பா."

"எனக்குத் தெரியும். எங்கடை தோல் நிறந்தான் காரணம்."

நான் மறுக்கவில்லை. ஒக்டோபரில் ஹைமுக்குத் திரும்பினோம். அங்கே இன்னும் மூன்று வருடம். அதன்பிறகு அப்பா எந்த ஜெர்மன்காரரின் வாசலையும் மிதித்ததில்லை. அயலவர் கொண்டுவந்த கேக்கைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டுக்காரரைத் திட்டாமல் ஒரு கோடைகாலமும் போனதில்லை.

இப்போது எனக்கென்று ஒரு வளவும் இரண்டு அப்பிள் மரங்களும் இருக்கின்றன. ஜூனில், மரம் தானாக உதிர்ப்பது நின்றதும், காய்கள் பெரிய நெல்லிக்காயளவில் இருக்கும்போது ஏணி வைக்கிறேன். கொத்தில் நல்லதாக ஒன்றை விட்டு, மற்றவற்றைக் காம்போடு திருகி எடுக்கவேண்டும். காய்க்கும் காய்க்கும் நடுவே கையகல இடைவெளி வேண்டும். ஒரு பின்னேர வேலை, அவ்வளவுதான். பள்ளியில் ஆசிரியை சொன்னதாக மகள் எதைச் சொன்னாலும், என்ன சொல் சொன்னார் என்று மூன்று தரம் கேட்கிறேன். "அம்மா, நீங்க பொலிஸோ?" என்கிறாள்.

போன வருடம் அந்த வீட்டைத் தேடிப் போனேன். வீடும் இல்லை, வளவும் இல்லை. கார்கள் நிறுத்தும் இடமாகிவிட்டது. வீட்டுக்காரர் எப்போதோ இறந்துவிட்டதாக அயலில் ஒருவர் சொன்னார்.

இந்த ஜூனில் நான் காய்களைத் திருகிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பிள் மரம் நிற்கும் வளவென்று எத்தனையோ தரம் கூப்பிட்டும் வராத அப்பா வந்தார். நிலத்தைப் பார்த்துத் திகைத்து, "நல்ல பிஞ்சுகளை ஏன் பிள்ளை பிடுங்கிறாய்?" என்றார். அன்று சொல்லை மாற்றிச் சொன்னதிலிருந்து வீட்டுக்காரர் இறந்துபோனது வரை, ஏணியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா என்னை ஏசவில்லை. குனிந்து ஒரு பிஞ்சை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"அந்த மனுசனை முப்பத்தஞ்சு வருசமாத் திட்டினனான்" என்றார். "இனி ஆரிட்டைப் போய் என்னெண்டு சொல்றது?"