ஷேட் பெட்டிக்குள் என் கால்

எங்கள் கம்பெனியில் தோலின் நிறம் பார்ப்பதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. மேலே விளக்கு, உள்ளே சாம்பல் பூச்சு, முன்பக்கம் திறப்பு. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய தோல் துண்டையும் தோல் பதனிடும் நம் டேனரியிலிருந்து வந்த தோல் துண்டையும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ட்யூப் லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்தது அங்கே வேறு வேறாகத் தெரிந்துவிடும். ஷேட் பெட்டி என்று சொல்வோம். ஆம்பூரில் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் கண்ணை நம்புவதைவிட அந்தப் பெட்டியை அதிகம் நம்புவார்கள். நானும் அப்படித்தான். அதனால்தான் ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சாம்பிள் ரூம் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, என் இடது காலைத் தூக்கி அதற்குள் வைத்தேன்.

யாராவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பாதத்தின் மேல்பக்கம், செருப்பு வார் படுகிற இடத்தில், ஒரு வெளிர் திட்டு இருந்தது. வீட்டு வெளிச்சத்தில் தோல் வறண்ட மாதிரி தெரியும். தேங்காய் எண்ணெய் தடவித் தடவித் படுக்கை விரிப்புவரை பிசுக்காகிவிட்டது, திட்டு போகவில்லை. பெட்டிக்குள் பார்த்ததும் அது வறட்சி இல்லை என்று தெரிந்துபோனது. அது வெள்ளை. பழக்க தோஷம், மனசுக்குள் 'ஷேட் நாட் ஓகே' என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நான் மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிறேன். பையருக்கு மெயில் போடுவது, நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, சாம்பிளைத் துரத்துவது என் வேலை. இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. பெண்கள் ஷூவில் முதல் சாம்பிளை முப்பத்தேழாம் சைஸில்தான் செய்வார்கள். என் கால் அச்சு அசல் முப்பத்தேழு. புது சாம்பிள் வந்தால் பசை வாசனை போகுமுன் என்னைக் கூப்பிட்டு, போட்டு நடக்கச் சொல்லி, எங்கே கடிக்கிறது என்று கேட்பார்கள். என் பெயரைவிட 'முப்பத்தேழு எங்கே?' என்பதுதான் அங்கே அதிகம் கேட்கும். திட்டு வந்த பிறகு அந்தக் குரல் கேட்டாலே ஒளிந்துகொள்ள இடம் தேடுவேன். கால் வீங்கியிருக்கிறது, தலைவலி, பையர் போன் வருகிறது என்று என்னென்னவோ பொய் சொல்லித் தப்பித்தேன். கடைசியில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தேன். சித்திரை வெயிலில், செருப்புக்குள் சாக்ஸ்.

என்னை மாதிரி இன்னொருத்தியும் எங்கள் பஸ்ஸில் இருந்தாள். ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வருகிற கம்பெனி பஸ் அது. அவள் கீழ்த்தளத்தில், பசை தடவி ஒட்டுகிற செக்‌ஷனில் இருக்கிறாள். காலையில் எனக்கு அடுத்த ஸ்டாப். தினமும் என் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். அவள் பல மாதங்களாகவே சாக்ஸ்தான். 'இன்னாடி, ஊட்டிக்குப் போறியா?' என்று பஸ்ஸே கிண்டல் செய்யும். பித்தவெடிப்பு என்பாள். நான் சாக்ஸோடு ஏறிய முதல் நாள் அவள் என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லவேளை, இவள் கிண்டல் செய்யவில்லை என்று நினைத்தேன்.

பயத்துக்குக் காரணம் கல்யாணம். ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடு நாட்றம்பள்ளி. சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே எங்கள் கம்பெனி ஹெச்.ஆரில் இருக்கிற ஒரு அக்கா, மாப்பிள்ளையின் அண்ணி. 'பொண்ணு நம்ம கண்ணு முன்னாடிதான் இருக்குது, ஒரு குறையும் இல்ல' என்று அவர் எங்கள் அம்மாவிடம் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலில் வெள்ளை விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த வீடு என்ன சொல்லும் என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான், அந்தப் பெயரில் குஷ்டம் இருக்கும். அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

டாக்டரிடம் போகவும் பயம். வேலூர் பக்கத்தில்தான் இருக்கிறது, நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வைத்தியத்துக்கு அங்கேதான் வருகிறார்கள். அங்கே போனால் வாசலில் நம் ஊர்க்காரர் யாராவது நிற்பார் என்பதும் நிச்சயம். ஆகவே இன்டர்நெட்டில் தேடினேன். வீட்டில் முடியாது. மலையடிவாரம், சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வந்தாலும் தம்பி என் போனைப் பிடுங்கி வீடியோ பார்ப்பான், நான் முன்பு தேடியதெல்லாம் அவன் கண்ணில் வரிசையாக நிற்கும். ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் பத்திரம் என்று நினைத்தேன். தனி மானிட்டர், சுவர் பக்கம் சீட், என் பாஸ்வேர்டு.

வெண்புள்ளி பரவுமா. வெண்புள்ளி குழந்தைக்கு வருமா. வெண்புள்ளி இருந்தால் கல்யாணம். செருப்பால் வெண்புள்ளி வருமா. இப்படிப் பையர் மெயில்களுக்கு நடுநடுவே தேடினேன். செருப்பில் இருக்கும் சில பசைகள், ரப்பர்கள் ஒத்துக்கொள்ளாமலும் சிலருக்கு அப்படி வரலாம், டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஹிஸ்டரியை அழித்துவிடுவேன். வாசலைக் கூட்டிவிட்டால் வந்தவர்களின் காலடி போய்விடும் என்கிற மாதிரி ஒரு நம்பிக்கை.

ஷேட் பெட்டியில் காலை வைத்த அன்று போனில் ஒரு படம் எடுத்தேன். முன்பே எடுத்த படம் ஒன்று இருந்தது. திட்டு பெரிதாகியிருக்கிறதா என்று பெரிய மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை, அதாவது பயம். இரண்டையும் என் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். யார் கண்ணிலாவது பட்டாலும் தோல் என்று நினைக்கட்டும் என்று படத்துக்கு 'லெஃப்ட் – ஷேட் வேரியேஷன்' என்று பெயர் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். திட்டு பெரிதாகித்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் கைரேகை வைக்கிற மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பெனி நெட்டைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்துவது ஜாஸ்தியாகிவிட்டது. யார் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற விவரம் திங்கட்கிழமை ஹெச்.ஆருக்குப் போகும். நின்ற இடத்திலேயே இன்னொரு தரம் படித்தேன். ஹெச்.ஆர் என்றுதான் போட்டிருந்தது.

மற்றவர்களும் பயந்தார்கள். ஆனால் அவர்கள் பயம் வேறு. ஒருத்தர் கிரிக்கெட், ஒருத்தர் புடவை, ஒருத்தர் வீட்டு மனை. கேன்டீனில் அதை வைத்துக் கேலி செய்துகொண்டார்கள். நான் இட்லியைத் தட்டில் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஹெச்.ஆர் அக்கா தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சியே சரியில்ல. கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. தலவலி."

"ஒனக்குமா நோட்டீஸு பயம்? திங்கக்கிழமை எல்லார் ஜாதகமும் என் டேபிளுக்கு வந்துரும் பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேன்டீன் மேஜைக்கு அடியில் ஒரு காலை இன்னொரு காலால் மூடிக்கொண்டிருந்தேன்.

அன்று மதியமே இன்டர்காம் அடித்தது. சிஸ்டம் பார்க்கிற அண்ணன். பள்ளிகொண்டாவிலிருந்து வருகிறவர், கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் தவிர யாரிடமும் பேசமாட்டார். "கொஞ்சம் சர்வர் ரூமுக்கு வர்றியாம்மா," என்றார். அவர் குரல் எப்போதும்போல்தான் இருந்தது. நான்தான் மாடிப்படியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கினேன். வேலை போகும், போகட்டும். ஆவணி போய்விடும். அம்மா பத்திரிகைக்கு மஞ்சள் தடவக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே ஏசி, குளிர். அவர் கதவைச் சாத்தாமல் பாதி திறந்தே வைத்தார். அந்த நிதானத்தைக் கவனிக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது என்பது இப்போதும் ஆச்சரியம்.

"படம் ஒண்ணு அனுப்பியிருந்தல்ல, ஷேட் வேரியேஷன்னு."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சாம்பிள் ரூம் படம் எது வந்தாலும் போனாலும் எனக்கு ஒரு காப்பி வரும்மா. டிசைன் வெளிய போய்டக் கூடாதுன்னு. மாடல் நம்பர் இல்லாத ஷேட் படம்னா கண்டிப்பா தொறந்து பாக்கணும். நீ சும்மா கால்னு பேர் வெச்சிருந்தா நான் தொறந்துகூட இருக்க மாட்டேன்."

அப்போதுதான் என் சாமர்த்தியத்தின் லட்சணம் புரிந்தது. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். "அண்ணா, ஹெச்.ஆருக்குப் போச்சுன்னா என் கல்யாணம் நின்னுடும்ண்ணா," என்றேன். அதுவரை யாரிடமும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

அவர் தரையைப் பார்த்தார். "படத்த அழிச்சிட்டேன். நீ ஹிஸ்டரிய அழிச்சா இங்க அழியாது, அது ஒனக்குத் தெரியணும். ஆனா பேரோட எதுவும் போகாது. மருத்துவம்னு ஒரே வரியாப் போட்டுட்டேன், யார் பேரும் இல்ல. மருத்துவத்துக்குப் பேர் போட மாட்டேன்னு மேனேஜர் கிட்டயும் சொல்லிட்டேன்."

"எனக்காகவா?"

"ஒனக்காக மட்டும் இல்ல." சொல்லலாமா வேண்டாமா என்று கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீ தேடுன அதே கேள்விய வேற ஆளுங்களும் தேடியிருக்காங்கம்மா. செருப்பால வருமான்றது உள்பட. யாருன்னு கேக்காத, சொல்ல மாட்டேன்."

"எந்த செக்‌ஷன்னாவது…"

"எல்லாம் கேன்டீன் வைஃபை. மதியத்துல." அவ்வளவுதான் சொன்னார். கேன்டீன் வைஃபை கீழ்த்தளத்து ஆட்களுக்காகச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறந்துவிடுவது. மேல்தளத்தில் எங்களுக்கு வேறு.

மாடிப்படி ஏறும்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதன் பின்னாலேயே வேறு ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. என் பாதத்தில் மட்டும் வந்த ஏதோ ஒன்று என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், என் விதி, என் தோல் என்று. அப்படியில்லை என்றால் இது என்ன? எத்தனை பேர் அதே கேன்டீனில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் ஒரு காலை இன்னொரு காலால் மூடிக்கொண்டு, போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்?

சாயங்காலம் பஸ்ஸில் அந்தக் கீழ்த்தளத்துச் சாக்ஸ்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் வாணியம்பாடி தாண்டியது. பிறகு குனிந்து இடது கால் சாக்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக வந்த வெயில் பாதத்தில் விழுந்தது. ஷேட் பெட்டியே வேண்டாம், அந்த வெயிலுக்கு எல்லாம் தெரியும்.

அவள் பார்த்தாள். தன் இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நாளைக்குப் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும், நாளை மறுநாள் நாட்றம்பள்ளிக்கு. சாக்ஸை மறுபடி போட முயன்றேன், அவசரத்தில் அது ஏறவில்லை.

அவள் ஸ்டாப் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"டாக்டரு கிட்ட காட்டுனியா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"இன்னும் இல்ல."

"பயமா?"

"ம்."

"எனக்கும்தான்," என்றாள். பஸ் நின்றது. படியில் இறங்கியவள் திரும்பிப் பார்த்து, "வேலூருக்குப் போறப்ப சொல்லு, நானும் வர்றேன்," என்றாள்.