அம்மாவின் கேக்கைப் பற்றி யாரும் சொல்லாதது

"எம்மேல யாருக்கு என்ன கோவம், கண்ணு?"

அம்மா போனில் இப்படிக் கேட்டபோது நான் சென்னிமலையில் ஒரு போர்வைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. "யாருக்கும் கோவமில்லமா, இது சீசன் இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறந்தநாளுக்கு ஏது சீசன் என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

அம்மாவிடம் ஆட்கள் கேக் கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் புரிந்திருக்கும். மே மாதத்துக்குப் பிறகு, குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டது.

அம்மா பெயர் டெய்சி. சிங்காநல்லூரில் எங்கள் வீதியிலும், நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலிலும் "கேக் டெய்சி" என்றால்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பேக்கரியில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். பெண்களை அடுப்பு அறைக்குள் விடமாட்டார்களாம். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே மாஸ்டர் என்ன செய்கிறார் என்று பார்த்தும், என்ன வாசம் வருகிறது என்று மோந்தும் கற்றுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு குக்கரில் மணல் கொட்டி அதற்குள் கிண்ணம் வைத்துக் கேக் போட்டாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் அப்பா அவளுக்கு ஓவன் செய்ய இறங்கினார்.

அப்பா தேவதாஸ், மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு வீட்டிலேயே மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். எந்தப் பொருளையும் வாங்கியபடி வைத்திருக்க அவருக்குக் கை வராது. எங்கள் வீட்டு மின்விசிறிக்கு சைக்கிள் பெடல் பாகம் ஒன்று உண்டு, ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பழைய பீரோவை அறுத்து, தகரத்துக்கு நடுவில் கண்ணாடிப் பஞ்சு திணித்து, ஹீட்டர் காயில் பொருத்தி ஓவன் செய்தார். முதலாவது ஷாக் அடித்தது. இரண்டாவது ஒரு பக்கம் மட்டும் வெந்தது. மூன்றாவதுதான் இன்றைக்கும் சமையலறையில் நிற்கிறது. அதிலும் இடது மூலையில் சூடு அதிகம். அம்மா கடிகாரம் பார்க்கவே மாட்டாள். துணி துவைத்துக்கொண்டிருப்பவள் திடீரென்று எழுந்து ஓடி வந்து தட்டைத் திருப்பி வைப்பாள். வாசம் மாறிவிட்டது என்பாள். எனக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, மூக்கு வேலை செய்யவில்லை. மல்லிகை, மண்ணெண்ணெய், என் தலைமுடி எதுவுமே தெரியவில்லை. நாக்கில் இனிப்பும் உப்பும் புளிப்பும் மட்டும் தெரிந்தன. டாக்டர், திரும்பினாலும் திரும்பலாம், நாளாகும் என்றார். "வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று அம்மா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னாள்.

அப்பா சும்மா இருப்பாரா? ஓவனில் சூடு காட்டும் கருவி வைத்தார், நேரம் ஆனால் பஸ்ஸர் அடிக்கும்படி செய்தார். கேக் முன்பு போலவே பொன்னிறமாக வந்தது. நான் மோந்து பார்த்து "சரியா இருக்குமா" என்பேன். கிறிஸ்துமஸ் அப்படித்தான் நல்லபடியாகப் போனது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். நான் ஷைலா. பன்னிரண்டாவது முடித்து, ஒரு கல்லூரியில் சேர்ந்து, பிடிக்காமல் நின்று, பிறகு தையல் வகுப்பு, அதையும் பாதியில் விட்டேன். ஏப்ரலில், அத்தை வீட்டில் தங்கி வேலை பார்க்கிறேன் என்று சென்னிமலைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அம்மாவின் கேக்கை மோந்து பார்க்க வீட்டில் ஆள் இல்லை. அப்பாவுக்கு முப்பது வருஷ மூக்குப்பொடிப் பழக்கம். அவர் மூக்கு ஒரு கணக்கே இல்லை.

போனில் அம்மா வரிசையாக ஆட்களைச் சந்தேகப்பட்டாள். பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் அக்காவுடன் சாக்கடைத் தண்ணீர் விஷயமாக ஒரு பேச்சு வந்ததே, அதுவா? மெயின் ரோட்டில் புதுக் கடை வந்திருக்கிறதே, அதுவா? யாராவது இல்லாததைச் சொல்லிவிட்டார்களா? "கோயில்ல எல்லாரும் சிரிக்கறாங்க, நல்லா இருக்கறீங்களான்னு கேக்கறாங்க. கேக் பேச்சு எடுத்தா மட்டும் பூசைக்கு நேரமாச்சுங்கன்னு நகந்துக்கறாங்க." கடைசியாகப் போட்ட கேக் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "சூசைமேரி பொண்ணு புதுநன்மை வாங்குனதுக்குப் போட்டது. பிரமாதம்னு சொன்னாங்களே" என்றாள். எங்கள் கோயிலுக்கு வரும் சூசைமேரியின் மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய விசேஷம் அது. எனக்கு மேலும் குழப்பமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து லீவு போட்டு வந்தேன். அம்மா மெலிந்திருந்தாள். ஓவன் மேல் துணி மடித்து வைத்திருந்தாள். சமையலறையில் அப்பா செய்த ஒரு புது அலமாரி நின்றது. நான் போன பிறகு செய்ததாம். ப்ளைவுட், கண்ணாடிக் கதவு, தானாகச் சாத்திக்கொள்ளும் கீல். மைதா, சர்க்கரை, வெண்ணெய்த்தாள் எல்லாம் அதற்குள் அழகாக அடுக்கியிருந்தன. டீக்குச் சர்க்கரை எடுக்கக் கதவைத் திறந்தேன்.

கல்யாணப் பட்டுப்புடவை வைத்த பீரோவைப் பல வருஷம் கழித்துத் திறந்ததுபோல் வாசம் அடித்தது. மைதா டப்பாவைத் திறந்து மோந்தேன். அதிலும் அதே வாசம்.

"அப்பா, இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

"ஏன், அருமையா இருக்குதல்ல? கரப்பான் ஒண்ணு எட்டிப் பாக்காது."

"அதாம்ப்பா, என்ன போட்டீங்க?"

"பீரோவுல துணிக்குப் போடற அந்துருண்ட. சும்மா போட்டுருவனா? கொசுவலையில பை தெச்சு, பின்னால தனியா அறை வெச்சு, மாவுல படாமத் தொங்க விட்டிருக்கறேன்" என்றார் பெருமையாக.

"வாசம் வருதேப்பா! மாவு பூராவும் அந்த வாசந்தான்."

"எனக்கு எந்தக் காலத்துல வாசம் தெரிஞ்சுது?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

அம்மா வாசற்படியில் துணிவாளியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அப்ப, அந்தப் புதுநன்மைக் கேக்கு?" என்றாள். நான் மைதா டப்பாவை மூடி வைத்தேன்.

"தெய்வாத்தாக்கா ஊட்டுக்குக் குடுத்தது?"

அப்பா அலமாரியையே பார்த்தார்.

"ஒட்டுக்கா எல்லாமா?"

அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அலமாரியின் கீலைக் கழற்ற ஆரம்பித்தார். இந்த நேரத்தில் கீலைக் கழற்றி என்ன ஆகப்போகிறது? ஆனால் அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

அம்மா அப்பாவைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அத்தன பேரு தின்னிருக்கறாங்க. ஒருத்தர் கூடவா சொல்லல?" என்று என்னைக் கேட்டாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

சூசைமேரி வீடு அடுத்த வீதிதான். அம்மாவைவிடச் சின்னவர். எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்கக்கா, வாங்க. ஷைலாக் கண்ணு எப்ப வந்தீங்க?"

"சூசைமேரி, அந்தக் கேக்கு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க்கா. எல்லாரும் கேட்டாங்க, யாரு போட்டதுன்னு."

"எதுக்குக் கேட்டாங்க?"

சூசைமேரி முந்தானையைச் சரிசெய்தார். அம்மா விடவில்லை. "அந்துருண்ட வாசம் அடிச்சுதா இல்லையா?"

"லேசாங்க."

"லேசாவா?"

உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் ஸ்டீவ் குரல் மட்டும் வந்தது. "லேசாவா? எங்க பெரியப்பா ரெண்டு துண்டு தின்னுபோட்டு, இனி இந்த ஜென்மத்துல என்னைப் பூச்சி அரிக்காதுன்னாரு!"

"நீங்க சும்மா இருங்க!" என்று சூசைமேரி கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாமல்ல?"

"எப்படிங்க்கா சொல்றது? நீங்க எம்புள்ளைக்குன்னு ஆசையாப் போட்டுக் குடுத்தீங்க. உங்க மொகத்தப் பாத்தா வாய் வரலீங்க. சரி, அடுத்த தடவ வேற பக்கம் வாங்கிக்கலாம், உங்க மனசு எதுக்கு நோகோணும்னு..."

"எனக்கு வாசம் தெரியாது, சூசைமேரி" என்றாள் அம்மா. வீட்டுக்கு வெளியே அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "காச்சல் வந்ததுல இருந்து ஒண்ணுமே தெரியறதில்ல. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

சூசைமேரி வாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அத நீங்களும் எங்ககிட்டச் சொல்லலீங்களேக்கா?"

அம்மா எழுந்துகொண்டாள். திரும்பி வரும் வழியில் நான் யார் பக்கம் என்று எனக்கே விளங்கவில்லை. சூசைமேரி மேல் கோபம் வந்தது. அவர் கேட்டதும் சரியாகத்தான் பட்டது. அப்பாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது, அலமாரியைப் பார்த்தால் உதைக்கலாம் போல் இருந்தது. நல்லவேளை, யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் குப்பைக்குக் கொடுத்தோம். அலமாரியை அப்பா மொட்டை மாடிக்கு ஏற்றி வெயிலில் வைத்தார். வாசம் போகவில்லை. இப்போது அதில் ஸ்பேனர்கள் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அம்மா புது மாவு வாங்கி ஒரு கேக் போட்டாள். யாரும் கேட்டதல்ல. பஸ்ஸர் அடித்தது, எடுத்தாள். என்னிடம் மோந்து பார்க்கக் கொடுக்கவில்லை. "நீ சென்னிமலைக்குப் போயிருவ. பொறவு?" என்றாள். ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நேராகத் தெய்வாத்தாள் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டதும், "அருமையா இருக்குதுங் அம்மணி" என்றார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மே மாதத்திலும் இதே அக்கா இதே சொல்லைத்தான் சொன்னார்.

"அருமைன்னு சொல்லாதீங்க்கா. எனக்கு மூக்கு இல்ல. நீங்கதான் மோந்து சொல்லோணும். என்ன வாசம் வருது? தப்பு இருந்தா தப்பச் சொல்லுங்க."

"அய்யோ, நான் என்னத்தக் கண்டேன்?"

"சாக்கடைக்கு மட்டும் அந்தப் பேச்சு பேசுனீங்க. இதுக்குப் பேச மாட்டீங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். பிறகு தட்டை மூக்கருகே கொண்டுபோனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏலக்கா கொஞ்சம் தூக்கலாத் தெரியுதுங்" என்றார். இன்னொரு முறை மோந்தார். "அப்பறம்... சொல்லலாமுங்களா? அடியில லேசாக் கருகல் வாசம்."

"எந்தப் பக்கம்?"

"இந்த மூலைங்."

அம்மா அந்த மூலையைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மதில் மேல் எட்டி எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க! உங்க பஸ்ஸர் லேட்டா அடிக்குதுங்க!"

பல மாதங்களாக நான் கேட்காத குரல் அது. ஒருவர் குறை சொன்னால் இப்படிச் சந்தோஷப்படும் ஆளை நான் பார்த்ததில்லை. இன்னும் எனக்கு முழுதாகப் புரியவில்லை.

இப்போதும் அவ்வளவாக யாரும் கேட்டு வருவதில்லை. அந்தப் புதுநன்மைக்குப் பவானிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்ச் சொல்ல அம்மாவால் முடியாது. அதனால்தான் இதை எழுதினேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது சிங்காநல்லூரில் பீரோ வாசம் அடித்த கேக்கைத் தின்றிருந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் படிக்கக் கொடுங்கள். அது அந்துருண்டை, எங்கள் தவறுதான் என்று தெரியட்டும். அடுத்த முறை எங்கள் வீட்டுக் கேக்கைச் சாப்பிட்டால், எப்படி இருந்ததோ அதை அப்படியே அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள்.