புளிப்புக்குத் தரம் பிரித்தவன்

புளிப்பில் மூன்று வகை என்பதை நானே கண்டுபிடித்தவன்போலத் தலைக்கனத்தோடு திரிந்த காலம் அது. மோர்ப் புளிப்பு நாக்கின் நுனியோடு நின்றுவிடும். மாங்காய்ப் புளிப்பு பல்லைக் கூசவைக்கும். வினாகிரி என்கிற காடியின் புளிப்பு மூக்கில் ஏறும். முதல் இரண்டுக்கும் தனித்தனிப் பீப்பாய் இருந்தது. மூன்றாவதை நிலத்தில் ஊற்றிவிடவேண்டும்.

எழுபதுகளில் சாவகச்சேரிக்குக் கிட்ட, எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கள்ளுத் தவறணையில், பனையேறும் சீவற்காரர் கொண்டுவரும் பனங்கள்ளைச் சுவைத்துத் தரம் பிரிப்பதுதான் என் வேலை. அண்ணை அப்பாவின் தொழிலை எடுத்து மரமேறினார். எட்டாம் வகுப்புவரை படித்த எனக்கு இந்த நாக்கு வேலை கிடைத்தது. ஒவ்வொரு கலனுக்கும் இடையில் ஒரு கல் உப்பை நக்கித் துப்புவேன். குடிக்க வருபவர்கள் சிரிப்பார்கள்.

"புளிப்புக்கும் சாதி பிரிக்கிறியோ? உள்ளுக்குப் போனால் எல்லாம் ஒண்டுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவருடைய கள்ளு ஒரு மாதத்தில் மூன்று முறை நிலத்துக்குப் போனால், அவருடைய மரங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் சங்கத்தின் விதி. அண்ணைக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் அண்ணியும் மூன்று பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்த மாசியில் அண்ணையின் கள்ளு இரண்டு முறை என் மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு மாங்காய்ப் பீப்பாயில் ஊற்றியிருக்கலாம். தம்பி அண்ணைக்குச் சாய்ந்துவிட்டான் என்று ஒருவன் சொல்லிவிட்டால்? இரண்டாம் முறையும் எல்லோருக்கும் முன்னால் நிலத்தில் ஊற்றினேன்.

"கள்ளு வடியிற முட்டியை ஒழுங்காக் கழுவுறேல்லையோ அண்ணை?"

"கழுவித்தான்ரா கட்டுறன்."

"இன்னொருக்கா இப்பிடியெண்டால் மரம் போயிடும். சோம்பலை விட்டிட்டு வேளைக்குக் கொண்டு வாங்கோ."

அவர் நனைந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், விடியமுன்னம் வேளைக்கே ஏறுறன்" என்றார்.

மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள். மறுநாளும் அப்படித்தான் பெய்தது. வெயில் வருமுன்பே அண்ணையின் சைக்கிள் வந்தது. அதை ஓட்டி வந்தவர் பக்கத்துத் தோப்பில் சீவுபவர். மூச்சு வாங்கியபடி நின்றார். அண்ணைதான் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, பின்னால் கட்டியிருந்த கலனைத் திறந்து ஒரு வாய் எடுத்தேன். மோர்ப் புளிப்புக்கூட இல்லை. அப்படி ஒரு கள்ளை அந்த வருடம் நான் சுவைத்ததில்லை.

"பாத்தியளே, வெருட்டினால்தான் சரிவரும்" என்று சிரித்தேன்.

அவர் என் தோளைப் பிடித்தார். "அண்ணை கடைசி மரத்தில வழுக்கிட்டார் தம்பி. பனையெல்லாம் ஈரம். ஆள் முடிஞ்சுது."

அதே மரம், அதே முட்டி, அதே கை. வெயில் மட்டும் இல்லை. அண்ணையின் பனைகள் கடல்நீரேரிக் கரையில், எல்லாருடையதையும்விடத் தூரத்தில் நின்றன. தினமும் கடைசியாக வருபவர் அவர்தான். வெயில் கடுமையான நாளில் அவ்வளவு தூரம் வந்தால் எந்தக் கள்ளும் வினாகிரிதான். இத்தனை நாளும் நான் பிரித்தது தூரத்தை. ஒருநாளாவது அந்த வழியால் போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நாசமாய்ப் போன நாக்கு.

அன்று செத்தவீட்டில் அண்ணி என்னைத் திட்டுவா என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லது. அவ என்னைக் கிட்டக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஒன்றே ஒன்று கேட்டா.

"தம்பி, இண்டைக்கு நிலத்தில ஊத்தேல்லைத்தானே?"