தம்பி பழக்கிய எட்டுப் பேர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எங்கள் வீட்டில் அவர் செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

1966-ஆம் வருடம் மழைக்காலம். தாராவியில் அம்மா, நான், தம்பி சாமுவேல் மூன்று பேரும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் நர்சாக வேலை பார்த்தேன். பத்தொன்பது வயதுத் தம்பிக்குத் தோல் பட்டறையில் வேலை. ஊறிய தோலைத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போகும். அந்த வலிக்கென்று கூட வேலை செய்த கரீம் கடுகளவு அபின் கொடுத்திருக்கிறான். சில மாதங்களில் அது இல்லாமல் தம்பியால் எழுந்திருக்க முடியவில்லை. இது எதுவும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மதியம் அவன் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்துவிட்டான். கால் வெந்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கண்ணைப் பார்த்தேன். கருமணி குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. எத்தனையோ நோயாளிகளின் கண்ணைப் பார்த்து அபின் என்று சொன்னவள் நான். என் தம்பியின் கண்ணை மட்டும் பார்க்கத் தவறினேன். அன்று வார்டிலேயே அழுதேன்.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து அபினை நிறுத்தினோம். வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பு முறிகிற வலி. "எக்கா, கொஞ்சம் குடுத்துரு, செத்துருவேன்" என்று என் காலைப் பிடித்தான். நானும் அம்மாவும் அவன் பாயின் இருபுறமும் முழங்காலில் நின்றோம். ஆண்டவரே, இவனை எனக்குத் திருப்பித் தாரும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் அவன் கஞ்சி கேட்டான். அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆனால் பட்டறையில் மற்றப் பையன்கள் அப்படியே இருந்தார்கள். போதகர் ஐயாவை அழைத்து ஒரு கூட்டம் வைத்தேன். ஒரு பையன்கூட வரவில்லை. காலி பெஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, "யார் பேசினால் கேட்பார்கள், நீரே காட்டும்" என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் தம்பி வந்து நின்றான்.

"எக்கா, பெரியவுங்க பேசுனா அவனுவ வரமாட்டானுவ. நான் பேசுதேன். நான் தின்னவன்லா."

இதுதான் பதில் என்று எனக்கு உடனே தெரிந்தது.

ஞாயிறு மதியங்களில் எங்கள் வேதக்கோயில் முற்றத்தில் தம்பி கூட்டிவந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் கூடினார்கள். ஐந்து பையன்கள், மூன்று பெண்பிள்ளைகள். அபின் உடம்பை என்ன செய்யும், மயங்கினவனை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்பதை நான் சொன்னேன். எப்படிப் பேசுவது என்பதைத் தம்பி பழக்கினான். பாதி தமிழ், பாதி ஹிந்தி. ஒருவன் அபின் தின்றவனாக நடிப்பான், இன்னொருவன் பேச வேண்டும். "பாவம்னு ஆரம்பிக்காதல, எந்திரிச்சுப் போயிருவான். மொதல்ல அவன் சொல்லுதத கேளு" என்பான் தம்பி.

அவர்கள் முதலில் போனது கரீமிடம். எனக்குக் கோபம். என் தம்பியைக் கெடுத்தவன் அல்லவா? "அவன் கெடுக்கணும்னு குடுக்கலக்கா. அவனுக்கும் முதுகுவலிதான்" என்றான் தம்பி.

கரீம் கதவைத் திறக்கவில்லை. "போங்கல, ஒங்க சாமி பேச்சு எனக்கு வேண்டாம்" என்று உள்ளிருந்தே கத்தினான்.

"சாமி பேச வரல அண்ணே. ஏதாவது சாப்பிட்டியளான்னு கேக்க வந்தோம்" என்றாள் குழுவிலிருந்த எஸ்தர்.

மூன்றாம் நாள் கதவு திறந்தது. அவனும் அபினை நிறுத்தினான்; முறைவைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் தினமும் போய் நாடி பார்த்தேன். மழை ஓய்வதற்குள் கரீம் வேலைக்குத் திரும்பினான். அடுத்த குழுவைப் பழக்க ஆள் வேண்டும் என்றபோது முதலில் கையைத் தூக்கியவனும் அவன்தான். தொழுகைக்குப் போய்விட்டு நேராக எங்கள் கோயில் முற்றத்துக்கு வருவான்.

முன்பு பட்டறைப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். இப்போது "சாமுவேலுக்கு அக்கா" என்று யாராவது சொன்னால் நின்று சிரித்துவிட்டுப் போகிறேன். பெருமைதான், மறைக்கவில்லை. அந்தப் பெருமை அவரால் வந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். அவரிடம் கேளுங்கள். அந்தப் பிள்ளையையே அவர் எழுப்பி நிறுத்துவார். நம்புங்கள்.